ஏறும் நேரம்

என் வேலை என்னவென்று வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. மாமியார் மட்டும் அக்கம்பக்கத்தில், "மாப்பிள்ளை கம்ப்யூட்டருக்குள்ள கரண்ட் விடுறாரு" என்று பெருமையாகச் சொல்வார். யோசித்துப் பார்த்தால் அவர் சொல்வது சரிதான்.

சிப்பைத் தயாரிக்கும் முன் அதன் சர்க்யூட்டை மென்பொருளில் ஓட்டிப் பார்ப்போம். ஒவ்வொரு முனைக்கும் மின்சாரம் எப்படி வந்து சேரும் என்று நான்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்: எத்தனை வோல்ட், எப்போது தொடக்கம், பூஜ்யத்திலிருந்து மேலே ஏற எவ்வளவு நேரம். அந்த ஏறும் நேரத்துக்குப் பலரும் ஒரு மைக்ரோ செகண்ட் என்று போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். நிஜத்தில் கிழட்டு பேட்டரி அப்படி ஏறாது. மூட்டுவலிக்காரர் மாடிப்படி ஏறுவதுபோல நின்று நின்றுதான் ஏறும். இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் கறார்.

நான் சொல்ல வந்த சிப், நோயாளிக்கு மருந்து ஏற்றும் பம்புக்கானது. பதினொரு வாரம் ஓட்டினேன். எல்லாம் தேறியது. கடைசியாக ஏறும் நேரத்தை நாற்பது மில்லி செகண்ட் ஆக்கிப் பார்த்தேன். மின்சாரம் வந்ததும் சிப் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். தொடங்கவில்லை. மோட்டாருக்குப் போகும் கம்பி மட்டும் உயிரோடு இருந்தது. அதாவது மருந்து நிற்காமல் போகும். எச்சரிக்கை மணியும் அதே சிப்பில்தான், அதுவும் அடிக்காது.

மேலாளர் வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"என்னப்பா, முடிஞ்சுதா? நாளைக்கு அனுப்பியாகணும்."

"ஒண்ணே ஒண்ணு நிக்குது சார்."

"பெருசா?"

ஆமாம் என்றால் இன்னும் ஐந்து மாதம். அதே திரை, அதே அலைகள். எனக்கு அலுத்துப்போயிருந்தது. வேறு காரணம் தேடாதீர்கள், கிடைக்காது. "இல்ல சார், நான் போட்ட நம்பர்தான் தப்பு" என்றேன். நாற்பது மில்லியை அழித்து ஒரு மைக்ரோ என்று போட்டேன். தேறியது. கையெழுத்துப் போட்டேன். மேலாளருக்கு ஒன்றும் தெரியாது, அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

இரண்டு வருடம் கழித்து அப்பாவுக்கு இடுப்பில் அறுவைச் சிகிச்சை. கட்டிலருகே வலி மருந்து ஏற்ற ஒரு பம்ப், புது மாடல். பார்த்ததுமே அடையாளம் தெரிந்துவிட்டது. நான் கையெழுத்துப் போட்ட சிப் அதற்குள்தான் இருந்தது. செவிலியர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போறப்பவும் பேட்டரில ஓடும் சார், பயப்படாதீங்க" என்றார்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு லாரி ஓட்டுநர். அவருக்கும் வலி மருந்துதான், ஆனால் வேறு கம்பெனியின் பழைய பம்ப்.

"இது ரொம்பச் சத்தம் போடுது சிஸ்டர். அப்பாவால தூங்க முடியல. அந்தப் பழசை இங்க மாத்தித் தர முடியுமா?" என்று கேட்டேன்.

செவிலியர் தயங்கினார். ஓட்டுநரே முந்திக்கொண்டார்.

"மாத்திக் குடுங்கம்மா. பெரியவர் தூங்கட்டும். நான் எஞ்சின் பக்கத்துலயே படுத்துத் தூங்குனவன்."

மாற்றினார்கள். தங்கமான மனிதர். அடுத்த இரண்டு நாளும் அவருக்குச் செய்தித்தாள் படித்துக் காட்டினேன், ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னால், அந்த எண்ணைப் போட்டது யார் என்று கேட்பார்கள். தவிர, என் அப்பாவைப் பார்த்துக்கொள்ள நான் இருந்தேன். அவரைப் பார்த்துக்கொள்ள அவருடைய மகள் இருந்தாள்.

மூன்றாம் நாள் காலை பத்தரைக்கு ஓட்டுநரை ஸ்கேனுக்கு அழைத்தார்கள். பம்பின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கியதும் அதன் திரை அணைந்தது. கொஞ்சம் தயங்கி, மறுபடி எரிந்தது. அந்தத் தயக்கத்துக்கு என்ன அர்த்தம் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஸ்கேன் அறை வாசலில் காத்திருந்தபோதே மூச்சு அடங்கிவிட்டது என்று பிறகு சொன்னார்கள். அப்பா இப்போது நன்றாக நடக்கிறார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அன்று வெளியே போகும்போது ஓட்டுநரின் கட்டில் கதவு நிலையில் இடித்துக்கொண்டு நின்றுவிட்டது. தள்ளுவதற்கு ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். நான் எழுந்து போய்க் கதவைப் பிடித்துக்கொண்டு, கட்டிலை நேராக்கி வெளியே தள்ளிவிட்டேன். ஓட்டுநர் கையைத் தூக்கி நன்றி சொன்னார். அந்த அளவுக்காவது அவருக்கு உதவியாக இருந்தோமே என்பதில் எனக்கு இன்றைக்கும் ஒரு ஆறுதல்.