சரி செய்த வாசல்

— உடைங்கண்ணே. அந்தத் திருப்பத்துல இருக்கற கல்லோட மூலையை உடைச்சிடுங்க.

— அம்மா, நேத்து சாயங்காலம்தான் வேலை முடிஞ்சுது. கண்ணாடி மாதிரி இருக்குன்னு நீங்கதானே கையைத் தட்டினீங்க? இப்ப சுத்தியலை எடுத்து நீட்டறீங்களே, இந்தக் கொத்தனார் என்ன பாவம் பண்ணினேன்?

— பாவம் பண்ணினது நான். நாலு மணிக்கு எங்க வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்துடுவார். முழுசா ஒரு மணி நேரம்கூட இல்ல.

— வரட்டுமே. சார் தடுக்கி விழக் கூடாது, அவர் வர்றதுக்குள்ள கேட்லேர்ந்து படி வரைக்கும் வாசல் கல் பூராவும் சரி பண்ணுங்கன்னு என் வீட்டுக்கே வந்து நின்னீங்க. மூணே நாள்ல பண்ணிட்டேன். ரசமட்டம் வெச்சுப் பாத்தாச்சு. ஒரு கல் ஆடாது. பார்வை இல்லாதவர் இதுல ஓடலாம்.

— அதாண்ணே தப்பாப் போச்சு. காலையில போன் பண்ணினார். ஆபரேஷன் பலிக்கலையாம். இனிமே பார்வை வராதுன்னு டாக்டர் கையை விரிச்சுட்டாராம்.

— அடக் கடவுளே.

— அழுவார்னு பயந்தேன். அழலை. "கேட்லேர்ந்து வாசப்படி வரைக்கும் எனக்கு ஒருத்தரும் வேணாம், என் காலே வழி சொல்லும்"ங்கறார். நான் ஸ்கூலுக்குப் போனப்புறம் தினம் வெறுங்காலோட நடந்து பழகியிருக்கார்ணே. கேட்டைத் தாண்டினதும் தேஞ்சு வழவழன்னு நாலு கல். அப்புறம் ஆடற கல் ஒண்ணு. மூலை உடைஞ்ச கல் கட்டைவிரல்ல பட்டா இடப்பக்கம் திரும்பணும். கால் பள்ளத்துல இறங்கினா, அடுத்தது படி.

— ஐயையோ. அத்தனையும் நான் சரி பண்ணிட்டேனே!

— ஒண்ணு விடாம.

— இப்பவே போன்ல சொல்லிடலாமேம்மா?

— எப்படிச் சொல்வேன்? "இன்னிக்குக் கூட்டிட்டு வர்ற என் தம்பியைக்கூடக் கையைப் பிடிக்க விட மாட்டேன். டீச்சர், நீ படியில நின்னு பாரு"ன்னு சின்னப் பிள்ளை மாதிரி சிரிக்கறார். பார்வை போன புதுசுல ஆறு மாசம் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்த மனுஷன். சோத்துத் தட்டை நீட்டினா தள்ளி விடுவார். இன்னிக்கு இங்க திகைச்சு நின்னுட்டார்னா, மறுபடி அந்தக் கட்டிலை விட்டு எழுந்திருக்கவே மாட்டார்ணே.

— சரி, சரி, அழாதீங்க. கல்லு எதுவும் வெளிய போகலை. தேஞ்ச பக்கத்தைக் கவுத்துப் போட்டு, நல்ல பக்கத்தை மேல வெச்சிருக்கேன், அவ்வளவுதான். மூலை போன ஒண்ணு மதிலோரமா கிடக்கு.

— அப்ப திருப்பிப் போட்டுடுங்க!

— எதைம்மா? அங்க கிடந்ததை இங்க வெச்சேன், இங்க கிடந்ததை எங்க வெச்சேனோ. முந்நூறு கல்.

— ஒரு நம்பர் போட்டு எடுக்கக் கூடாதா?

— வீணாப்போன கல்லுக்கு யாரும்மா நம்பர் போடுவா? ஏழு வருஷமா நீங்கதானே இதுல நடக்கறீங்க. எது ஆடுச்சுன்னு உங்களுக்கே தெரியாதா?

— காலையில ஓட்டம், சாயங்காலம் ஓட்டம். தரையைப் பாத்தா நடந்தேன்? இருங்க, செருப்பைக் கழட்டறேன். கண்ணை மூடிக்கறேன். ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு. ஆடற கல் இதுதான்.

— இதுவா?

— இல்ல, அவர் என்னைவிட உயரம். எட்டு வெச்சா இன்னும் தள்ளித்தான் கால் விழும். அதோ அது. இல்ல, அதுக்குப் பக்கத்துல... எனக்குத் தெரியலைண்ணே. ஒண்ணுமே தெரியலை.

— தெரிஞ்சாலும் கஷ்டம்தான். இடுக்கு பூரா மணலை இறுக்கி, மேல கோட்டிங் அடிச்சிருக்கேன். ஒண்ணை நெம்பினா நாலு சேந்து வரும்.

— வரட்டும்! எல்லாத்தையும் பேத்துப் போடுங்க!

— பேத்தா குழியாயிடும். சார் விழுந்துடுவார்.

— அந்த மூலையாவது உடைங்க! உங்களுக்கு மனசு வரலைன்னா சுத்தியலை இப்படிக் குடுங்க. இருட்டுக்குள்ள தனக்குன்னு ஒரே ஒரு வழி வெச்சிருந்தார். அதைக் கட்டின பொண்டாட்டி நானே பூசி மெழுகிட்டேன். அவர் வந்து காலால தேடித் தேடி நிப்பார், நான் படியில நின்னு வேடிக்கை பாக்கணுமா? சொல்லுங்கண்ணே!

— அம்மா... சுத்தியலைக் கீழ வைங்க. மெதுவா.

— எதுக்கு?

— திரும்பிப் பாருங்க. சார் வந்துட்டார். உங்களுக்கு ரெண்டடி பின்னாடி நிக்கறார்.

— ஐயோ... நீங்களா? மணி நாலுகூட ஆகலையே! தம்பி எங்க? யார் உங்களை...

— அவனைக் கேட்லயே நிக்கச் சொல்லிட்டேன். ஏன் டீச்சர், குரலை இறக்கிட்டே? நல்லா கத்து. அதைப் பிடிச்சுக்கிட்டுத்தானே இவ்வளவு தூரம் நடந்து வந்தேன்.