டோனகல்காரர் மகள்

மேனஸ்: ...எலி தின்னுடுச்சுன்னு சொன்னேன்ல?

ப்ரோனா: போன மாசம் பாதிரியார்கிட்ட இருக்குன்னீங்க!

மேனஸ்: அவர்கிட்ட இருந்ததைத்தான் எலி தின்னுச்சு.

ப்ரோனா: அப்பா! பெத்த அப்பனோட பிறப்புச் சான்றிதழ். இதுக்கா இத்தனை கதை?

மேனஸ்: உனக்கெதுக்குடி அயர்லாந்து குடியுரிமை? நீ ஸ்காட்லாந்துல, இந்த கிளாஸ்கோவுல பொறந்தவ. சின்னதுல அங்க என் ஊரு டோனகலுக்குக் கூட்டிட்டுப் போனா, மழை பெய்யுதுன்னு அழுவ.

ப்ரோனா: இங்க மட்டும் வெயிலா கொளுத்துது?

மேனஸ்: அந்த மழை வேற. அங்க பொறந்தவனுக்குத்தான் அருமை தெரியும்.

ப்ரோனா: ஆரம்பிச்சுட்டீங்களா... நாப்பது வருஷமா இதே பாட்டு.

மேனஸ்: டீயைக் குடி, ஆறுது.

ப்ரோனா: பேச்சை மாத்தாதீங்க. வெள்ளிக்கிழமை பஸ்ஸும் கப்பலுமா டோனகல் போறேன். அங்க ஆபீஸ்ல உங்க பேரைச் சொன்னா நகல் எடுத்துக் குடுப்பாங்க.

மேனஸ்: போகாத.

ப்ரோனா: ஏன்?

மேனஸ்: ...கப்பல் ஆடும். உனக்கு வாந்தி வரும்.

ப்ரோனா: அது இப்ப வீட்டுலயே வருது.

மேனஸ்: என்னது?

ப்ரோனா: ஒண்ணுமில்ல.

மேனஸ்: ரொட்டியைத் தொடவே இல்ல நீ... வெண்ணெய் வாசனைக்கு மூஞ்சியைத் திருப்புற... உங்கம்மாவும் உன்னைச் சுமந்தப்ப இப்படித்தான்... அடியே!

ப்ரோனா: கத்தாதீங்கப்பா. நாலு மாசம். ரெண்டு தடவை ஊரெல்லாம் சொல்லி, ரெண்டு தடவையும்... அதான் இந்தத் தடவை உங்ககிட்டகூட சொல்லல.

மேனஸ்: என் தங்கமே... இரு, நான் ஒண்ணும் அழல. ஜலதோஷம்.

ப்ரோனா: ம்... பெரிய ஜலதோஷம். அதுக்குத்தான்பா அலையுறேன். என் பிள்ளை உங்க ஊர்ப் பிள்ளையா இருக்கணும். காகிதத்துலயும்.

மேனஸ்: அவசரம் இல்லயே? பொறந்தப்புறம் பார்த்துக்கலாமே?

ப்ரோனா: தாராளமா. நீங்க அங்க பொறந்தவரு. அதனால நான் பொறந்தன்னிக்கே அந்த நாட்டுக் குடிமகள். பிள்ளையை எப்ப வேணா பதியலாம்.

மேனஸ்: ஒருவேளை... சும்மா கேக்குறேன்... அப்பன் அங்க பொறக்கல, அப்பனைப் பெத்தவ மட்டும் அங்க பொறந்தவன்னா?

ப்ரோனா: அப்ப நான் முதல்ல என் பேரைப் பதியணும். அதுவும் பிள்ளை பொறக்குறதுக்குள்ள. இல்லன்னா பிள்ளைக்கு ஒண்ணும் கிடையாது. நிறைய பேர் இதுல கோட்டை விட்டுடறாங்க, பாவம். நமக்கென்ன?

மேனஸ்: அஞ்சு மாசத்துக்குள்ள பதிஞ்சுடுவாங்களா?

ப்ரோனா: மாசமா இருக்கேன்னு டாக்டர் எழுதிக் குடுத்தா முன்னாடியே பார்ப்பாங்களாம். அது எதுக்கு நமக்கு... ஏன்பா கேக்குறீங்க?

மேனஸ்: எங்கம்மா ரோஷா மாதிரி ஒருத்தி அந்த ஊர்லயே கிடையாதுடி. வருஷா வருஷம் கப்பலேறி இங்க உருளைக்கிழங்கு பொறுக்க வருவா. படுக்கை மாட்டுக் கொட்டகைல, வைக்கோல் மேல.

ப்ரோனா: தெரியும், சொல்லியிருக்கீங்க.

மேனஸ்: நிறைமாசமா இருந்தப்பவும் வந்தா.

ப்ரோனா: அதைச் சொன்னதில்லயே... யாரைச் சுமந்துட்டு?

மேனஸ்: வெள்ளிக்கிழமை போயிட்டு வா. ஆனா அங்க என் பேரைத் தேடாத, இருக்காது. அவ பேரைத் தேடு. என் காகிதத்தை எலி ஒண்ணும் தின்னல, மெத்தைக்கு அடில இருக்கு. இதே ஸ்காட்லாந்துல, கிர்வன் பக்கத்துல ஒரு பண்ணை. மத்தியானம் வரைக்கும் கிழங்கு பொறுக்கிட்டு, யார் துணையும் இல்லாம கொட்டகைக்கு நடந்து போய் என்னைப் பெத்தாடி எங்கம்மா! ஊர்ல என்னை ஸ்காட்லாந்துக்காரன்னு கேலி பண்ணவனையெல்லாம் அடிச்சேன். அப்புறம் அதைப் பத்தி நான் வாயே திறக்கல. இப்ப என் பேரப்பிள்ளைக்காகத் திறக்குறேன், கேட்டுக்கோ... நானும் உன்னை மாதிரிதான். இங்க பொறந்த டோனகல்காரன்.