நாய்க்கடிக்கு உப்பில்லாப் பத்தியம்

அன்னவாசலில் பஸ் ஏறினேன். உள்ளே டிரைவர், வெற்றிலைக் கூடைக்காரர், காலில் பச்சிலைக் கட்டோடு ஒரு ஆள், அவர் பெண்டாட்டி. அப்புறம் நான்.

"கால்ல என்னண்ணே?" என்றார் கூடைக்காரர்.

"எங்க நாய்தான் கடிச்சிருச்சு. ஊசிக்கு ஆஸ்பத்திரி போறோம்."

"அன்னைக்கே போகலையா?"

பெண்டாட்டி சொன்னாள்: "வைத்தியர் உப்பில்லாப் பத்தியம் வச்சாருங்க. நடுவுல ஊசி போட்டா பச்சிலை முறிஞ்சிரும்னு இவுக வரலை. நேத்துத்தான் பத்தியம் முடிஞ்சுச்சு."

"நாய் நல்லாருக்கா?"

"மூணாம் நாளே செத்துப்போச்சு."

கூடைக்காரர் தள்ளி உட்கார்ந்தார்.

அந்த ஆள் சிரித்தார். "ஏன் தள்ளி உக்கார்றீக? நானென்ன குரைக்கவா செய்றேன்?"

பெண்டாட்டி தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள். "காலையிலேருந்து ஒரு வாய் குடிக்கலை. குடிங்க."

அவர் சொம்பைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பினார். தொண்டை வெட்டி இழுத்தது.

"கடிச்சு எத்தனை நாளாச்சும்மா?" என்றார் கூடைக்காரர்.

"இருபத்தொண்ணு."