யாரும் பிடிக்காத ஆள்

திருவேற்காட்டிலிருந்து பூந்தமல்லிக்குப் போகும் ஷேர் ஆட்டோவில் எனக்கு எதிரே இரண்டு இளைஞர்கள். ஒருவன் மடியில் சேறு காயாத ஃபுட்பால் பூட்ஸ்.

“உங்கண்ணன் கோல் அடிக்கிறான்டா. அதான் பயமாக்கீது,” என்றான் அவன்.

“இன்னா மாமே சொல்ற? இன்னிக்குக்கூட அண்ணன் ரெண்டு போட்டுச்சுல்ல?”

“போட்டான். ஆனா தோத்தது நாமதான? முன்னல்லாம் அவன்கிட்ட பந்து போனாலே ரெண்டு பேரு அவன் மேல உழுவானுங்க. அந்த கேப்புல நான் பூந்து போவேன். இப்போ அந்த ரெண்டு பேரும் என்னப் புட்ச்சிகினு கீறானுங்க. அவன சும்மா உட்டுட்டானுங்க. பந்து போச்சுன்னா முன்ன உங்கண்ணன் தொரத்திகினு வருவான். இப்போ இடுப்புல கைய வச்சிகினு நிக்கிறான்.”

“நெஜமாவா?”

“அவனுங்க கோச்சு கத்துனது என் காதுல உழுந்துச்சு. ‘அவன உடுங்கடா, அவனால இனிமே ஒண்ணும் ஆவாது’ன்னாரு.”

தம்பிக்காரன் குரலைத் தாழ்த்தினான்.

“டீமுக்கு ஆடுறதுக்குத்தான் கம்பெனில அண்ணனுக்கு வேலையே குடுத்துக்கீறாங்க. அவங்களுக்கு இது தெரியுமா?”

“கோலை மட்டும் எண்ணிகினு கீற வரைக்கும் தெரியாது.”

“அண்ணனுக்கு?”

“அவன் ரெண்டு கோல் போட்ட குஷில கீறான். நீதான் சொல்லணும்.”

வேலப்பன்சாவடி சிக்னலில் தம்பியின் போன் அடித்தது. திரையைப் பார்த்தவன் எடுக்கத் தயங்கினான். பிறகு இரண்டு கையாலும் பிடித்துக் காதில் வைத்தான்.

“சொல்லுண்ணா... ஆமாண்ணா, பாத்தேன். உன்கிட்ட வர்றதுக்கே பயப்பட்றானுங்கண்ணா.”