பின்மூடியைத் திறக்கும் அதிகாரம்

சான்றிதழில் என் பெயரைப் போடுங்கள் என்று முதலாளியிடம் கேட்டேன். வேலைக்குச் சேரும்போதே அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள்: "குடுக்கிறத வாங்கிக்கோ. எதையும் வாய்விட்டுக் கேட்டுறாத." அவள் பேச்சை நான் மீறியது அந்த ஒரு முறைதான்.

கடையில் விற்பது ஏற்கெனவே யாரோ கட்டிய கைக்கடிகாரங்கள். ஆனால் எங்கள் தெருவில் எவரும் கண்ணால்கூடப் பார்த்திராத உசத்திச் சரக்கு. உள்ளே இருப்பது கம்பெனி போட்ட பாகங்கள்தானா, இடையில் யாராவது மாற்றிவிட்டார்களா என்று பார்ப்பது என் வேலை. பழுது பார்ப்பவர் பின்மூடியைத் திறந்து தருவார். அவரை எல்லோரும் டாக்டர் என்போம். நான் லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு முள்ளின் விளிம்பு, தேதிச் சக்கரத்து எண்ணின் வளைவு, திருகாணித் தலையின் பளபளப்பு என்று பார்த்து, 'அனைத்தும் அசல்' என்று சான்றிதழ் அடிப்பேன். கீழே முதலாளியின் மகன் கையெழுத்துப் போடுவான். கல்லூரியில் மூன்று பாடம் பாக்கி வைத்தவன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பாக்கி எதுவும் வைக்கவில்லை.

முதலாளி சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. பூனை கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தால் சிரிப்போமே, அப்படி. "உன் பேர யாருக்கும்மா தெரியும்? அவன் பேரப் பாத்துத்தான் நம்புறாங்க."

எதையெல்லாம் நம்புவார்கள் என்று நானும் பார்க்க நினைத்தேன்.

கையை அசைத்தால் சுழன்று சாவி கொடுக்கும் அரைவட்டத் தகடு ஒன்று பின்மூடிக்குள் இருக்கும். ஒரே திருகாணி. உதிரிபாகக் கடையில் அதற்கு அச்சு அசலான போலி கிடைக்கிறது. டாக்டர் சாப்பிட்டுக் கை கழுவப் போகும் நேரத்தில், அவருடைய திருப்புளியாலேயே, பதினொரு கடிகாரங்களில் மாற்றினேன். எடுத்ததில் ஒன்றைக்கூட விற்கவில்லை. எண் எழுதி, தனித்தனி உறையில் போட்டு, பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறேன். இதைத் திருட்டு என்பது பொருந்தாது. சின்ன முதலாளி பதினொன்றுக்கும் கையெழுத்துப் போட்டான். ஒன்றைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "சூப்பர் கண்டிஷன்" என்றுகூடச் சொன்னான்.

வாங்கியவர் ஒருவர் கம்பெனி சர்வீஸுக்குக் கொடுத்தபோது விஷயம் வெளியே வந்தது. விற்ற மற்றவற்றையும் வரவழைத்துத் திறந்ததில் பதினொன்றிலும் போலி. முதலாளி என்னைத்தான் கூப்பிட்டார். யார் வேலை என்று ஆராய்ந்து எழுதித் தரவேண்டும், மகன் பெயர் அடிபடக் கூடாது. "உன் பேர்லயே எழுதிரும்மா."

ஆறு பக்கம் எழுதினேன். நான் சோதித்தபோது தகடுகள் அசலாகவே இருந்தன, மாற்றப்பட்டது அதற்குப் பிறகுதான் என்று எழுதினேன். இந்தக் கடையில் பின்மூடியைத் திறக்கும் அதிகாரம் ஒருவருக்கு மட்டுமே உண்டு என்று எழுதினேன். உண்மைதான், எனக்கு அந்த அதிகாரம் கிடையாது. திருகாணித் தலைகளில் உள்ள கீறல் டாக்டரின் நுனி உடைந்த திருப்புளியோடு பொருந்துகிறது என்று எழுதினேன். அதுவும் உண்மை. அந்த அறிக்கையில் பொய் என்று ஒரு வரியைக் காட்ட முடியாது.

டாக்டருக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். "என்னம்மா எழுதியிருக்கு? நீயே படிச்சுக் காட்டேன்" என்றார். நிறுத்தி நிதானமாகப் படித்தேன். கீறல் பற்றிய இடம் வந்ததும் தன் திருப்புளியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பொருந்துதேம்மா. மறதியில நானேதான் மாத்திப் போட்டுட்டேனா?"

அதை ஏழாவது பக்கமாகச் சேர்த்தேன்.

போலீஸ் அவரைக் கூட்டிப்போய் மூன்று வாரம் ஆகிறது. அறிக்கையைப் பற்றிக் கேள்விப்பட்டு, இதைவிடப் பெரிய கடை ஒன்று என்னை வேலைக்கு அழைத்தது. இன்று கடைசி நாள். மேசையை ஒழித்துக்கொண்டிருந்தபோது டாக்டரின் மனைவி வந்தார்.

"உக்காருங்கக்கா" என்றேன். உட்காரவில்லை.

"அவருக்கு எதிரா நிக்கிறது உன் பேப்பர் ஒண்ணுதானாம். வக்கீல் சொல்றாரு. தப்பு நடந்திருக்கலாம்னு ஒரு வரி எழுதிக் குடும்மா. வெளிய விட்டுருவாங்க."

"யோசிக்கணும்க்கா."

"நான் வந்தது தெரிஞ்சா அவரே திட்டுவாரு. அந்தப் பொண்ணு கண்ணுக்கு எதுவும் தப்பாது, அது எழுதுனா சரியாத்தான் இருக்கும்னு உள்ள உக்காந்துக்கிட்டு எனக்கே பாடம் எடுக்கிறாரு. இந்த மனுஷன வச்சுக்கிட்டு நான் என்னதான் பண்ண?"

யோசிக்க எதுவும் இல்லை. நேற்றே முடிவு செய்திருந்தேன். முதல்முதலாக என் பெயரில் வெளிவந்த அறிக்கை தப்பு என்று நானே எழுதிக் கொடுத்தால், படித்த படிப்புக்கு என்ன அர்த்தம்?

டாக்டர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அந்தக் கடையில் என் வேலையை மதித்தவர் அவர் ஒருவர்தான். போகிற இடத்திலும் அவரைப் போல ஒருவர் இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தபடி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அக்காவைச் சுற்றிக்கொண்டு வெளியே நடந்தேன்.