எண்பதுக்கு மேல் போகாத வண்டி

— எண்பது. எழுபத்தொம்போதும் இல்ல, எண்பத்தொண்ணும் இல்ல. எண்பதைத் தொட்டதும் அப்படியே நிக்குது, வேணு. நான் பெடலைத் தரையோட வெச்சு அழுத்தறேன். அது பாட்டுக்கு எண்பதுல வருது.

— எத்தினி நாளா, நயினாரே?

— இருபத்தேழு நாளா. உன் ஷெட்டுல ஆயில் மாத்த வுட்டேன் பாரு, அதுக்கு மறுநாள்லேந்து. குறிச்சு வெச்சிருக்கேன்.

— ஆயில் மாத்தினதுக்கும் எண்பதுக்கும் இன்னாங்க சம்பந்தம்?

— உன்னைக் குத்தம் சொல்லல. தேதியைச் சொன்னேன்.

— டீசல்ல தண்ணி கலந்திருக்கும். இல்லாட்டி பில்டர் அடைச்சிகினு இருக்கும். டர்போ பைப்புல காத்து லீக்கானா கூட இப்படித்தான், வண்டி மந்தமாயிடும்.

— அதெல்லாம் இருந்தா ஒரு நாள் எழுபது போவும், ஒரு நாள் தொண்ணூறு போவும். தெனம் டாண்ணு எண்பதுலயா நிக்கும்? பதினெட்டு வருஷமா கம்பெனியில குவாலிட்டி பாக்கறவன் நான். இது ரிப்பேர் இல்ல. யாரோ சொல்லி வெச்ச மாதிரி நிக்குது.

— டீ சொல்லட்டுமா?

— வேணாம். நான் ரிப்பேருக்கு வரல. வெளிய போர்டு மாட்டியிருக்கியே, ரீமேப்புன்னு. அதைப் பண்ணு.

— உங்களுக்கா?

— ஏன், எனக்கு இன்னா?

— ரீமேப்புன்னு வர்றவன் எல்லாம் இருபது இருபத்திரண்டு வயசுப் பசங்க. சைலன்சர்ல பட்டாசு வெடிக்கணும்பான், பின்னாடி வர்றவன் மூஞ்சியில பொகை அடிக்கணும்பான். நீங்க டாஷ்போர்டுல பகவான் படம் ஒட்டிகினு, ஆள் இல்லாத முச்சந்தியில கூட இண்டிகேட்டர் போடறவரு. ஜினகுமார் நயினார் வண்டிக்கு ரீமேப்புன்னா பஜார்ல சிரிப்பாங்க.

— சிரிக்கட்டும். அந்தக் கம்ப்யூட்டர்ல இன்னாதான் பண்ணுவே, அதைச் சொல்லு.

— இஞ்சின் பக்கத்துல ஒரு சின்னப் பொட்டி இருக்குதுங்க. எவ்ளோ டீசல் வுடணும், டர்போ எவ்ளோ காத்து தள்ளணும், எல்லாத்தையும் கம்பெனிக்காரன் அதுல கட்டம் கட்டமா நம்பரா போட்டு வெச்சிருப்பான். நான் முன்ன ஜக்கார்டு தறிக்கு கம்ப்யூட்டர்ல டிசைன் போட்டுகினு இருந்தவன்தானே. முந்தானைக்குக் கட்டம் கட்டமா பூ நெரப்புவேன். இங்க நம்பர் நெரப்பறேன், அவ்ளோதான். ஸ்டேரிங்குக்கு அடியில சாக்கெட்டு இருக்கு. லேப்டாப்பை சொருவினா முக்கா மணி நேர வேலை.

— நூத்திநாப்பது போவுமா?

— நூத்திநாப்பதுல எங்க போறீங்க?

— வீட்டுக்கு.

— செய்யாறு சிப்காட்லேந்து ஆரணிக்கா? அந்த ரோட்லயா? கரும்பு டிராக்டரு, எருமை மாடு, ஸ்கூல் வேனு, நடுரோட்ல நெல்லு காய வெக்கறவங்க...

— கேட்டுக்கோ. நாலே முக்காலுக்கு ஷிப்டு முடியுது. கார்டு தேய்ச்சு, வண்டி எடுத்து, கேட்டைத் தாண்ட நாலு அம்பத்திரண்டு. வீடு அம்பது கிலோமீட்டர். இன்னிக்குப் பொழுது சாயறது அஞ்சு நாப்பத்தஞ்சு. அதுக்குள்ள சாப்பிட்டு எழுந்துடணும். எங்க ஜைன வழக்கம் உனக்குத் தெரியும்.

— தெரியாம இன்னா? பொழுது போனா நயினார் வூட்ல சோறு கெடையாது. ஊருக்கே தெரியும்.

— அப்ப அஞ்சு முப்பத்தொண்ணுக்கு நான் தட்டு முன்னாடி இருக்கணும். முன்ன இருந்தேன். ஐப்பசியில பொழுது சுருங்கினதும் வேகமா ஓட்ட ஆரம்பிச்சேன், ஒரு மாசம் ஒரு நாள் தவறல. இந்த எண்பது வந்ததிலேந்து அஞ்சு அம்பது, அஞ்சு அம்பத்தஞ்சு. இருபது வேலை நாள். இருபதும் லேட்டு.

— டிபன் கட்டிகினு போயி கேன்டீன்லயே முடிச்சுகினு வந்துடுங்களேன்.

— எங்க வீட்டுல திரிசலாவும் அதைத்தான் சொல்றா. இருபது நாளா டப்பா கட்டிக் குடுத்துகினுதான் இருக்கா.

— அப்புறம் இன்னா பேஜாரு?

— நான் வர்ற வரைக்கும் அவ சாப்பிட மாட்டா, வேணு. நான் வந்து செருப்பைக் கழட்டறப்ப பொழுது போயிருக்கும். அப்புறம் மறுநாள் சூரியனைப் பாத்தாத்தான் வாயில தண்ணி. இருபது ராத்திரி அப்படியே படுத்திருக்கா. பசிக்கலையான்னு கேட்டா, பசியே இல்லங்கறா.

— ஐயையோ.

— அவ பட்டினி கெடக்கான்னு தெரிஞ்சுகினு நான் கேன்டீன்ல ஒக்காந்து எலுமிச்சம்பழ சாதம் துன்னுவனா? டப்பாவைக் கேட்டுல செக்யூரிட்டி காத்தவராயன்கிட்ட குடுத்துட்டு வந்துடறேன். காலி டப்பாவைப் பாத்து அவளுக்கு அவ்ளோ சந்தோசம். நானும் சாப்பிட்டேன்னு சொல்லிடறேன்.

— அப்ப நீங்களும் பட்டினி.

— எனக்குப் பழகிடுச்சு. அவளை நெனைச்சாத்தான் தாங்கல. ரெண்டு கிலோ எளைச்சிருக்கா. மிஷின்ல ஏத்தி நானே பாத்தேன். நான் டைமுக்கு வந்துகினு இருந்தப்ப எவ்ளோ பூசினாப்ல இருந்தா தெரியுமா? இப்ப அவ எளைக்கறா, காத்தவராயனுக்கு பெல்ட்டு பத்தல.

— நயினாரே, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. டைமுக்கு வந்துகினு இருந்தீங்களே, அப்ப அந்த சைடு கண்ணாடி எப்படி ஒடைஞ்சுது?

— பார்க்கிங்ல. ஒரு பஸ்ஸு ஒரசிச்சு.

— கண்ணாடி இடுக்குல கரும்புத் தோகை சிக்கிகினு இருந்துச்சே. கரும்பு ஏத்தற பஸ்ஸா?

— ...டிராக்டர். முள்ளிப்பட்டு வளைவுல. எதிர்ல லாரி. ரெண்டு வெரக்கடை எடம் இருந்துச்சு, பூந்து வந்துட்டேன். வீட்டுல சொல்லல. சொன்னா பயந்துடுவா.

— நான் பண்ண மாட்டேங்க இந்த வேலையை.

— போர்டு மாட்டியிருக்கே.

— கழட்டிடறேன்.

— சரி. வேலூர்ல ஒருத்தன் இருக்கான். நம்பர் வாங்கி வெச்சிருக்கேன். இப்பவே கெளம்பறேன். எண்பதுலயே போறேன்.

— இருங்க, இருங்க. இன்னா இவ்ளோ ஜல்தி? அந்த வேலூர்க்காரன் லேப்டாப்பை சொருவின மொத நிமிசம் உங்ககிட்ட சொல்லிடுவான். அதுக்கு நானே சொல்லிட்டுப் போறேன். எண்பதுல நிறுத்தி வெச்சது நான்தான்.

— எதுக்கு?

— ஆயில் மாத்தின அன்னிக்கு வண்டி எடுக்க உங்க வூட்டம்மாதானே வந்தாங்க. அந்தத் தோகையை உருவிக் கையில வெச்சுகினு ரொம்ப நேரம் நின்னுகினு இருந்தாங்க. அப்புறம் கேட்டாங்க, தம்பி, வேகத்தை ஏத்தத் தெரிஞ்ச உனக்கு எறக்கத் தெரியாதான்னு. இந்த ஷெட்டுல நாப்பது வண்டிக்கு வேகம் ஏத்தியிருக்கேன். எறக்கினது ஒண்ணே ஒண்ணு. உங்ககிட்ட மூச்சு வுடக் கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கிகினாங்க.

— திரிசலாவா?

— அவங்கதான்.

— எண்பதுல வந்தா பொழுது போயிடும், தனக்குச் சோறு இல்லன்னு தெரிஞ்சேவா?

— அதை நான் கேக்கலைங்க.

— நான் உசுரோட வரணும்னு இருபது நாள் பட்டினி கெடந்திருக்கா.

— எனக்கே அன்னிக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

— வேணு.

— சொல்லுங்க.

— நூத்தியறுவது போவுமா?

— இன்னாது?

— இப்படிப்பட்டவளை இன்னும் ஒரு நாள் பட்டினி போடச் சொல்றியா? சொருவு லேப்டாப்பை.

— அந்தம்மாவைக் கேக்காம இந்த வண்டியைத் தொட மாட்டேன். தோ, போன் போடறேன். ஸ்பீக்கர்லயே போடறேன், நீங்களே பேசிக்கோங்க. அக்கா, வேணு பேசறேன். சார் இங்கதான் நிக்கறாரு. எண்பது சமாச்சாரத்தை சொல்லிட்டேன்க்கா, மன்னிச்சுக்கோங்க.

— சத்தியம் பண்ணியே, தம்பி.

— வேலூர் போறேன்னாருக்கா.

— திரிசலா, நான்தான். அதை எடுக்கச் சொல்லிட்டேன்.

— ஏங்க, வேணாங்க. அந்தத் தோகையை இன்னும் பீரோவுல வெச்சிருக்கேன். அஞ்சு மணி ஆனாலே வாசல்ல வந்து நின்னுக்கறேன். நீங்க எட்டு மணிக்கு வந்தாலும் சரிங்க. நீங்கதான் டப்பாவுல சாப்பிட்டுடறீங்களே.

— நீ?

— நானும் நேரத்தோட சாப்பிட்டுக்கறேன்.

— நீ சாப்பிட மாட்டே. என்னை சமாதானப்படுத்த சொல்வே, சாப்பிட்டேன்னு. பன்னெண்டு வருஷமா உன்னைத் தெரியும். வேணு, ஆரம்பி.

— அக்கா, நான் குறுக்க பேசறதுக்கு மன்னிக்கணும். சாரு டப்பாவைத் தொடறதே இல்லக்கா. நீங்க பட்டினின்னுட்டு, அதைக் கேட்டுல காத்தவராயனுக்குக் குடுத்துட்டு வர்றாரு. இருபது நாளா.

— டேய், உன்னை யாரு கேட்டா?

— அக்காவுக்குத் தெரியணும்ல.

— ஏங்க, இருபது நாளாவா?

— செக்யூரிட்டிக்கு பெல்ட்டு பத்தலியாம்.

— நீ சும்மா இரு, தம்பி. ஏங்க, ராத்திரி எல்லாம் பொரண்டு பொரண்டு படுத்தீங்களே, அது பசியா? ஆபீஸ் டென்சன்னு நெனைச்சனே நான். பாவி, பக்கத்துலயே படுத்துகினு தெரியாம இருந்தனே.

— எனக்கு ஒண்ணும் இல்ல. உனக்குத்தான் ரெண்டு கிலோ கொறைஞ்சிடுச்சு.

— அது பட்டினியில கொறைஞ்சது இல்லைங்க.

— பின்ன?

— ஐப்பசியில நீங்க லேட்டா வர ஆரம்பிச்ச மொத வாரம் மட்டும்தான் நெசமா பட்டினி கெடந்தேன். அஞ்சாம் நாள் தலை சுத்தி கொழாயடியில வுழுந்துட்டேன். அதுக்கப்புறம் தெனம் நாலரைக்கே சாப்பிட்டுடறேன். நேத்து வரைக்கும்.

— நாலரைக்கா?

— ஆமாங்க.

— அப்ப நான் அஞ்சு முப்பத்தொண்ணுக்கு வந்துகினு இருந்தேனே, அந்த ஒரு மாசம். எதிர்ல ஒக்காந்து நீயும் சாப்பிட்டியே. மறுசோறு கூட போட்டுகினியே. நான் பாத்தேனே.

— வண்டியை வாசல்ல கோணலா வுட்டுட்டு, வேர்த்து வழிய ஓடி வருவீங்க. இன்னும் பதினாலு நிமிசம் இருக்கு, நீயும் ஒக்காருன்னு சிரிப்பீங்க. அந்த மூஞ்சியைப் பாத்து, நான் சாப்பிட்டாச்சுன்னு எப்படிங்க சொல்றது? அப்ப ஏறினதுதாங்க அந்த ரெண்டு கிலோ, தெனம் ரெண்டு தடவை சாப்பிட்டேன்.