மை பூசாத நகல்

டீ நன்றாக இருக்கிறது ஐயா. இரண்டு வருடமாக நானே போட்டுக் குடிக்கும் கண்றாவிக்கு இது எவ்வளவோ தேவலை. நிதானமாகவே பேசலாம். வீட்டில் எனக்காகக் காத்திருக்க யாரும் இல்லை.

என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் கடை திறப்பவர்களுக்கு ஒரு முகவரிப் பெயர் வேண்டும். அதைப் பதிந்து கொடுப்பது எங்கள் அலுவலகம். ஒரே பெயரை இரண்டு பேர் கேட்டால் கோப்பு என் மேஜைக்கு வரும். ஒருவரின் விண்ணப்ப நகலை மற்றவருக்கு அனுப்புவேன். இருவரும் பதில் எழுதுவார்கள். யாருக்கு உரிமை அதிகம் என்று பார்த்துத் தீர்ப்பேன். பதினாறு வருடத்தில் என் தீர்ப்பு ஒன்றுகூட மேலிடத்தில் மாறியதில்லை. வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள்.

இந்தக் கோப்பில் ஒரு தையல்காரியும் அவள் புருஷனும். இருவரும் சேர்ந்து நடத்திய கடைக்கு மகளின் பெயர். ஒருநாள் மகளையும் ஒரு மெஷினையும் தூக்கிக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் வேறு ஊருக்குப் போய்விட்டாள் அந்த மகராசி. அங்கே பள்ளிச் சீருடை தைத்தாளாம். பழைய வாடிக்கைக்காரர்கள் தேடி வர வேண்டுமென்று அதே பெயரைக் கேட்டிருந்தாள். ஐந்து நாள் கழித்து அவனும் கேட்டான். ஏன், தாய்க்கு உள்ள உரிமை தகப்பனுக்கு இல்லையா? நான் யார் பக்கமும் சாயவில்லை.

விண்ணப்பத்தில் ஒரு கட்டம் உண்டு. அதில் டிக் போட்டால், வீட்டு விலாசத்தின் மேல் மை பூசித்தான் எதிர்த்தரப்புக்கு நகல் போக வேண்டும். அவள் போட்டிருந்தாள். போட்டதோடு விட்டாளா? ஒரே வாரத்தில் நான்கு தடவை போன்.

“சார், அந்த டிக்கைப் பாத்தீங்களா? என் அட்ரஸ் அவருக்குத் தெரியவே கூடாது சார்.”

“பாத்தேன்மா. எத்தனை வாட்டி சொல்றது?”

“கோவிச்சுக்காதீங்க சார். போன தடவை தேடி வந்து கையை உடைச்சுட்டாரு. கை போச்சுன்னா எனக்குப் பொழப்பே இல்ல.”

முகம்கூடத் தெரியாத ஒருவனிடம் கட்டினவனைப் பற்றி இப்படி அளக்கிற வாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் மனைவியும் இப்படித்தான் யார் யாரிடமோ போய் மூக்கைச் சிந்தியிருப்பாள். கதவில் இடித்துக்கொண்ட காயத்துக்கெல்லாம் ஒரு கதை கட்டுவாள் அவள்.

புருஷன் நேரிலேயே வந்தான். கசங்காத சட்டை. கேட்ட பிறகுதான் உட்கார்ந்தான்.

“பேரெல்லாம் எனக்கெதுக்கு சார்? அவ எங்க இருக்கான்னு தெரிஞ்சா போதும். பேசணும், அவ்வளவுதான்.”

கண் கலங்கியிருந்தது. போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டான். விரல்கள் வலித்தன. பாசமுள்ள மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

நான்காவது போனில் அவள் இறங்கி வந்தாள்.

“பேரே வேணாம் சார். கடைக்கு வேற பேர் வெச்சுக்கறேன். அவருக்கு எதையும் அனுப்பிடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

விலகுவதானால் எழுத்தில் வர வேண்டும் என்றேன். அது விதி.

வியாழக்கிழமை காலை கடிதம் வந்தது. ஒருவர் விலகிவிட்டால் தகராறே இல்லை, நகலும் போக வேண்டியதில்லை. நான் கடிதத்தை இழுப்பறையில் வைத்தேன். அவள் விண்ணப்பத்தை இரண்டு நகல் எடுத்தேன். ஒன்றில் மை பூசிக் கோப்பில் சேர்த்தேன். மை பூசாததை உறையில் போட்டு அவனுக்கு அனுப்பினேன். பிறகு வரவு முத்திரையின் தேதியை ஒருநாள் தள்ளி வைத்து, நகல் போன பிறகுதான் வந்தது போல அவள் கடிதத்தில் குத்தினேன். மறுநாள் பெயரை அவனுக்கே பதிந்தேன். மிச்சமிருந்தது அவன் விண்ணப்பம் ஒன்றுதானே.

கைதவறி நகல் மாறிவிட்டதா என்று கேட்டீர்கள். பதினாறு வருடத்தில் எனக்குக் கைதவறியதில்லை ஐயா. தெரிந்தேதான் அனுப்பினேன். அவன் என்ன செய்வான் என்று தெரியுமா என்றும் கேட்டீர்கள். இரண்டு அடி போடுவான், அடங்கி வீடு வந்து சேர்வாள் என்று நினைத்தேன். கொன்றுபோடுவான் என்று எதிர்பார்க்கவில்லை. பள்ளி விட்டு வந்த மகள்தான் முதலில் பார்த்தாள் என்றீர்கள். அதில் எனக்கும் வருத்தம்தான். தாய்க்காரி முறையாக வீட்டிலேயே இருந்திருந்தால் அந்தக் குழந்தைக்கு இது வந்திருக்காது.

எழுதிக்கொள்ளுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றே ஒன்று. நேற்று என் மனைவியையும் விசாரித்ததாகச் சொன்னீர்கள். அப்படியானால் அவள் விலாசம் உங்கள் கையிலிருக்கும் அந்தக் கோப்பில் இருக்கும். நீங்களும் குடும்பஸ்தர். அந்தப் பக்கத்தை மட்டும் கொஞ்சம் என் பக்கம் திருப்புங்கள். எனக்கு வேறொன்றும் வேண்டாம் ஐயா. அவளோடு பேச வேண்டும், அவ்வளவுதான்.